மெய்யறியும் மெய்: உடல்வழி அறிதலும் இறையியல் மெய்யியலும்

தமிழில் 'மெய்' என்னும் சொல் உண்மையைக் குறிக்கும், உடலையும் குறிக்கும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகும் என்பது நாம் எழுத்தறிந்த நாளிலேயே கற்ற பாடம். ஆயினும் அறிவு என்ற பேச்சு எழுந்தவுடன் நாம் உடலை மறந்துவிடுகிறோம். அறிவது மனம், உடல் அதன் ஊர்தி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பக்தியுள்ளவர்களோ இன்னும் ஒரு படி மேலே சென்று, உடல் ஆன்மாவின் சிறைக்கூடம் என்றும் சொல்லிவிடுகிறோம்.

அறிவியல் உலகில் கடந்த சில பத்தாண்டுகளாக ஒரு புதிய ஆய்வுத்துறை வளர்ந்து வருகிறது. மனித அறிவு மூளைக்குள் மட்டும் நிகழும் கணக்கு வேலை அன்று. கை, கால், தோல், அசைவு, பழக்கம், சூழல் ஆகிய அனைத்தும் சேர்ந்தே அறிகின்றன என்பது அதன் அடிப்படைக் கருத்து. உடல்வழி அறிதல் என்று அதனை அழைக்கலாம். இவ்வாய்வில் இறையியல் சார்ந்த மெய்யியலுக்கு இடம் உண்டா என்பதே நம் கேள்வி. அறிவியலார் பலர் இல்லை என்பர்; இறையியல் ஆய்வுக்கூடத்திற்கு அப்பாற்பட்டது என்பது அவர்கள் எண்ணம். நம்பிக்கையாளர் பலரும் இல்லை என்பர்; இறையியல் உடலைக் கடந்த ஆன்மாவைப் பற்றியது என்பது இவர்கள் எண்ணம். இருசாராரும் ஒரே முன்முடிவிலிருந்து பேசுகின்றனர். திருச்சபையின் சிந்தனை வரலாறு அந்த முன்முடிவுக்கு இடம் தரவில்லை என்பதை ஈண்டு நோக்குவோம்.

கை அறிவது

முதலில் அறிவியல் கூறுவதைக் கேட்போம். 1963-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் என்னும் இரு ஆய்வாளர்கள் பூனைக்குட்டிகளை இருளில் வளர்த்து, நாள்தோறும் சிறிது நேரம் மட்டும் வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தனர். அப்போது ஒரு குட்டி தன் கால்களால் நடந்தது. அதனோடு பிணைக்கப்பட்ட தொட்டிலில் மற்றொரு குட்டி சுமந்து செல்லப்பட்டது. இரண்டின் கண்களுக்கும் ஒரே வகைக் காட்சிதான் கிடைத்தது. ஆனால் நடந்த குட்டி இடத்தையும் ஆழத்தையும் உணர்ந்து நடமாடக் கற்றது. சுமக்கப்பட்ட குட்டி கற்கவில்லை. கண் இருந்தால் மட்டும் போதாது, பார்க்கக் கற்பதற்குக் காலும் வேண்டும் என்று அச்சோதனை காட்டியது.

மனிதரிடமும் இதற்கு ஒத்த சான்று உண்டு. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய் தீர மூளையில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. அதன்பின் அவரால் புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவில் நிறுத்த இயலவில்லை. பிரெண்டா மில்னர் என்னும் உளவியலார் அவருக்கு ஒரு பயிற்சி தந்தார்: ஒரு விண்மீன் உருவத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டே, அதன் விளிம்பைப் பென்சிலால் தொடர்ந்து வரைய வேண்டும். மூன்று நாட்களில் அவர் கை அவ்வேலையில் நன்கு தேர்ந்தது. ஆனால் முன்பு அதனைச் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. நினைவு மறந்ததைக் கை அறிந்திருந்தது.

மீன்வலையின் அறுந்த கண்ணை இருட்டிலும் விரலால் கண்டு முடியும் கடலோர மக்களுக்கு இதில் வியப்பு இருக்காது. எனினும் அறிவுலகிற்கு இது புதிதாகவே தோன்றியது. 1991-இல் பிரான்சிஸ்கோ வரேலா, இவான் தாம்சன், எலினர் ராஷ் ஆகிய மூவரும் உடலுற்ற மனத்தைப் பற்றி வெளியிட்ட நூல் இத்துறைக்கு ஒரு மைல்கல். அந்நூல் அறிவியலோடு புத்த சமயத் தியான மரபை உரையாட வைத்தது என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். சமயச் சிந்தனை இவ்வாய்வுக்கு அயலானது அன்று என்பதை அவ்வறிஞர்களே ஏற்றனர். அப்படியானால் கிறிஸ்தவச் சிந்தனை ஏன் வாசலிலேயே நிற்க வேண்டும்?

பாரிஸ் நகரின் வழக்கு

பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாரிஸ் நகருக்குச் செல்வோம். உடல் ஒரு படகு, ஆன்மா அதன் படகோட்டி என்னும் வகையிலான எண்ணம் அன்று அறிஞரிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. பிளேட்டோவின் வழிவந்த எண்ணம் அது. படகு உடைந்தால் படகோட்டி நீந்திக் கரை சேரலாம். ஆன்மா அழியாது என்று நம்பும் கிறிஸ்தவருக்கு இந்த உவமை எவ்வளவு வசதியானது!

புனித தோமா அக்குவினார் அந்த வசதியை மறுத்தார். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, ஆன்மா உடலுக்குள் குடியிருக்கும் மற்றொரு பொருள் அன்று, உடலை உடலாக்கும் வடிவமே ஆன்மா என்றார். அதற்கு அவர் காட்டிய சான்று எளிமையானது. சிந்திப்பவனும் வெயிலின் சூட்டை உணர்பவனும் ஒரே மனிதன் என்பதை ஒவ்வொருவரும் தம்மிடமே காண்கிறோம். படகோட்டிக்குப் படகின் வெடிப்பு வலிப்பதில்லை. நமக்கோ கால் தடுக்கினால் வலிக்கிறது. ஆகவே உடல் மனிதனின் பகுதி. அது மனிதனின் உடைமை அன்று.

இதிலிருந்து அறிவைப் பற்றி அவர் வரைந்த முடிவு நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. இவ்வாழ்வில் மனித அறிவு புலன்வழி வந்த உருக்களை நோக்கித் திரும்பாமல் எதனையும் புரிந்துகொள்ள இயலாது என்றார். இரு சான்றுகளையும் தந்தார். மூளையில் ஊறு நேர்ந்தவர் முன்பு கற்றவற்றையும் பயன்படுத்த இயலாமல் போகிறார் என்பது ஒன்று. ஒன்றைப் புரிந்துகொள்ளவோ புரியவைக்கவோ முயலும்போது நாம் எல்லோரும் எடுத்துக்காட்டை நாடுகிறோம் என்பது மற்றொன்று. மறைக்கல்வி கற்பிக்கும் எவரும் இரண்டாவதை ஐயுறமாட்டார்.

ஐம்புலன்களுள்ளும் தொடுதலே மற்றவற்றின் அடித்தளம் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. அக்குவினார் அதனை ஏற்று, தொடுவுணர்வின் நுண்மைக்கும் அறிவின் கூர்மைக்கும் உறவு கண்டார். உயிர்களை அறிவின் படிநிலையால் வகுத்த தொல்காப்பியரும் முதற்படியாக வைத்தது உற்றறிதலையே என்பது தமிழருக்கு நினைவுக்கு வரும்.

இக்கருத்து அமைதியாக ஏற்கப்படவில்லை. அக்குவினார் 1274 மார்ச் 7-ஆம் நாள் இறந்தார். சரியாக மூன்றாண்டுகள் கழித்து, 1277-இல் அதே நாளில், பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே 219 கருத்துகளைக் கண்டித்தார். அவற்றுள் சில அக்குவினாரின் போதனையைத் தொடுவனவாகக் கருதப்பட்டன. அதே மாதத்தில் ஆக்ஸ்போர்டில் கான்டர்பரி பேராயர் ராபர்ட் கில்வார்ட்பியும் ஒரு தடையைப் பிறப்பித்தார். இவர் அக்குவினாரைப் போலவே தொமினிக்கன் சபைத் துறவி!

எதிர்த்தவர்கள் அறிவிலிகள் அல்லர். அவர்களுக்கு ஒரு கவலை இருந்தது. உடலை உடலாக்குவது ஆன்மா ஒன்றே என்றால், ஆன்மா பிரிந்தபின் கல்லறையில் மூன்று நாள் கிடந்த ஆண்டவரின் உடல் அதே உடல்தானா? அன்று இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. வழிபாட்டையும் நம்பிக்கையையும் தொட்டது. கிறிஸ்துவின் ஆன்மாவிலிருந்து பிரிந்தபோதும் அவ்வுடல் இறைவார்த்தையானவரோடு ஒன்றித்தே இருந்தது என்பது அக்குவினாரின் விடை. ஆயினும் கான்டர்பரியின் அடுத்த பேராயர் ஜான் பெக்கம் 1286-இல் மீண்டும் கண்டனம் விதித்தார்.

1311-இலும் 1312-இலும் கூடிய வியேன் பொதுச்சங்கம், அறிவுள்ள ஆன்மா தன்னியல்பிலேயே மனித உடலின் வடிவம் என்பதை மறுப்பது தவறு என அறிவித்தது. அக்குவினாரின் ஒவ்வொரு நுட்பத்தையும் சங்கம் ஏற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஆனால் படகோட்டி உவமை கிறிஸ்தவப் போதனைக்குப் போதாது என்பது உறுதியாயிற்று. 1323-இல் அக்குவினார் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1325-இல் அன்றைய பாரிஸ் ஆயர், முந்தைய கண்டனம் புனிதரின் போதனையைத் தொடும் அளவுக்கு அதனை விலக்கிக்கொண்டார். நாம் இன்று கையாளும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (1992) ஆன்மா உடல் ஒருமையைப் பற்றிப் பேசுமிடத்தில் வியேன் சங்கத்தையே சுட்டுகிறது.

பழகிய அறிவு

அக்குவினார் மற்றொரு வேறுபாட்டையும் கண்டார். ஒன்றைப் பற்றிச் சரியாகத் தீர்ப்பிடுவதற்கு இரு வழிகள் உண்டு. அறநூலைக் கற்றவர் கற்பு என்னும் நற்பண்பைப் பற்றி ஆராய்ந்து சொல்லலாம். அப்பண்பிலேயே பழகி வளர்ந்தவரோ நூல் கற்காவிடினும் எது தகும், எது தகாது என்பதைத் தம் உள்ளச் சாய்வினாலேயே உணர்ந்துவிடுவார். முன்னது கற்ற அறிவு. பின்னது இயல்பொத்த அறிவு. ஞானம் என்னும் தூய ஆவியின் கொடையை அவர் இந்த இரண்டாம் வகையில் சேர்க்கிறார்.

இவ்வறிவுக்கு வேராக இருப்பது பழகுபண்பு. இலத்தீனில் 'ஹாபிட்டுஸ்' என்பர். ஒரு செயலை மீண்டும் மீண்டும் செய்வதால் நம்முள் ஊன்றி, பின்னர் அச்செயலை எளிதாகவும் மகிழ்வோடும் செய்யவைக்கும் நிலை அது. துறவு மடங்களிலும் பள்ளிகளிலும் புழங்கிய இச்சொல்லுக்கு நெடும்பயணம் ஒன்று காத்திருந்தது. 1934-இல் பிரெஞ்சு மானிடவியலார் மார்செல் மோஸ், மக்கள் நடப்பதும் நீந்துவதும் உட்காருவதும்கூடச் சமூகம் கற்பித்த கலைகளே என்று விளக்கிய தம் உரையில் இந்த இலத்தீன் சொல்லையே எடுத்தாண்டார். 1967-இல் சமூகவியலார் பியர் பூர்தியே, இடைக்காலக் கோவில் கட்டடக்கலையையும் இறையியலையும் இணைத்து எர்வின் பனோவ்ஸ்கி எழுதிய நூலைப் பிரெஞ்சில் பெயர்த்து, அதன் பின்னுரையில் இச்சொல்லை விரித்துரைத்தார். பின்னாளில் அதுவே அவருடைய சமூகவியலின் மையச் சொல் ஆயிற்று. உடல்வழி அறிதலை ஆய்பவர் இன்று கையாளும் கருவிகளில் ஒன்று, இறையியலாரின் பட்டறையிலிருந்து வந்தது.

லூவேன் சென்ற ஏடுகள்

பதினேழாம் நூற்றாண்டில் ரெனே தெக்கார்த், சிந்திக்கும் பொருள் வேறு, இடத்தை அடைக்கும் உடற்பொருள் வேறு எனப் பிரித்தார். தாம் உடலில் படகோட்டியைப் போல் இருக்கவில்லை என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் வேறான இரண்டும் எவ்வாறு ஒன்றை ஒன்று இயக்கும் என்று 1643-இல் பொகீமிய இளவரசி எலிசபெத் எழுதிக் கேட்டபோது அவரால் நிறைவான விடை தர இயலவில்லை. அந்தப் பிளவு மேலைநாட்டு அறிவுலகில் நெடுங்காலம் நிலைத்தது.

பிளவைத் தைக்க வந்த நூல் எங்கிருந்து வந்தது? பிரான்ஸ் பிரெந்தானோ அரிஸ்டாட்டிலை ஆய்ந்து 1862-இல் பட்டம் பெற்றவர், 1864-இல் குருவானவர். 1873-இல் குருத்துவப் பணியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு வெளியான தம் உளவியல் நூலில், மனத்தின் ஒவ்வொரு செயலும் ஏதேனும் ஒன்றை நோக்கியதாகவே இருக்கும் என்னும் கருத்தை இடைக்கால இறையியலாரிடமிருந்து மீட்டெடுத்தார். அவருடைய மாணவர் எட்மண்ட் ஹுசெர்ல், அக்கருத்தை அடித்தளமாகக் கொண்டு நிகழ்வியல் என்னும் மெய்யியல் முறையை நிறுவினார்.

ஹுசெர்லின் உதவியாளராக இருந்தவர் எடித் ஸ்டெயின். 1915-இல் போர்க்கால மருத்துவமனை ஒன்றில் செவிலியராகத் தொண்டாற்றியவர். பிறர் உணர்வை நாம் எவ்வாறு உணர்கிறோம் என்பதை ஆய்ந்து 1916-இல் முனைவர் பட்டம் பெற்றார். உயிருள்ள உடலைப் பற்றிய பகுதி அவ்வாய்வின் நடுநாயகம். வலக்கை இடக்கையைத் தொடும்போது, தொடுவதும் நானே, தொடப்படுவதும் நானே என்னும் வியப்பை ஆராயும் ஹுசெர்லின் கையெழுத்துப் படிகளைத் தொகுத்து ஒழுங்குபடுத்தியவரும் அவரே. 1922-இல் திருமுழுக்குப் பெற்றார். அக்குவினாரின் உண்மை பற்றிய நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். கார்மேல் மடம் புகுந்தார். 1942-இல் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். 1998-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

யூதக் குடியில் பிறந்த ஹுசெர்ல் 1938 ஏப்ரலில் இறந்தபோது, சுமார் 40,000 பக்கங்கள் சுருக்கெழுத்தில் எஞ்சியிருந்தன. நாசி ஆட்சியில் அவை தீக்கிரையாகும் என்ற அச்சம் இருந்தது. அப்போது பெல்ஜியத்திலிருந்து பிரைபர்க் நகருக்கு வந்தார் ஹெர்மன் லியோ வான் பிரேடா என்னும் பிரான்சிஸ்கன் துறவி. அவருக்கு வயது 27. ஆய்வுக்குச் சில பக்கங்களைத் தேடி வந்தவர், அனைத்தையும் காப்பாற்றத் துணிந்தார். பெர்லினிலிருந்த பெல்ஜியத் தூதரகத்தின் வழியாக அவ்வேடுகளை லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு சேர்த்தார். 1939 ஏப்ரலில் அங்கு வந்து அவற்றைப் படித்தவர்களுள் முன்னோடி, மோரிஸ் மெர்லோ-போந்தி என்னும் பிரெஞ்சு இளைஞர். எடித் ஸ்டெயின் உழைத்த அந்தக் கையெழுத்துப் படியும் அவர் கைக்கு வந்தது. 1945-இல் அவர் வெளியிட்ட புலனுணர்வின் நிகழ்வியல் என்னும் நூலே பின்வந்த உடல்வழி அறிதல் ஆய்வுக்கு ஊற்று. முன்னர்ச் சொன்ன 1991-ஆம் ஆண்டு நூலும் தன்னை அவர் பணியின் தொடர்ச்சியாகவே அறிமுகப்படுத்திக்கொள்கிறது.

மெர்லோ-போந்தி கத்தோலிக்கராக வளர்ந்து பின் விலகியவர். அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடுவது நேர்மை ஆகாது. ஆனால் அவர் குடித்த கிணற்றைத் தோண்டியவர்கள் யார் என்பதை வரலாறு மறைக்க முடியாது.

தடையும் விடையும்

இங்கு ஒரு தடை எழும். ஒரு கருத்து இறையியலில் பிறந்தது என்பதனாலேயே இன்றும் இறையியல் அதற்குத் தேவை என்று ஆகிவிடுமா? வானியல் சோதிடத்தோடு வளர்ந்தது. அதனால் இன்றைய வானியலாருக்குச் சோதிடம் வேண்டுமா?

தடை நியாயமானது. மரபுவழியை மட்டும் காட்டி மரியாதை கேட்பது போதாது. அக்குவினாரின் உடலியல் அறிவு அவர் காலத்து அறிவு. மூளை பற்றி அவர் கூறியவற்றுள் பல இன்று செல்லாதவை. நரம்பு எவ்வாறு இயங்குகிறது, பழக்கம் எங்கே பதிகிறது என்பன சோதனைக்கூடம் தீர்க்க வேண்டிய கேள்விகள். அங்கே இறையியல் மாணவனாக அமர வேண்டும்.

ஆயினும் சோதனைக்கூடத்திலிருந்தே அழைப்பு வந்ததும் உண்டு. அமெரிக்க நரம்பியலார் வால்ட்டர் ஃபிரீமன், முயல்கள் மணத்தை அறியும்போது அவற்றின் மூளையில் எழும் மின்னலைகளை நெடுங்காலம் ஆய்ந்தவர். உயிரி உலகின் படத்தை வெறுமனே உள்ளே வாங்கிக்கொள்வதில்லை, தன் நோக்கத்தோடு உலகை நாடிச் சென்று அதற்கேற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது என்பது அவர் கண்ட முடிவு. அதனைச் சொல்ல ஏற்ற மொழி அவருக்கு அக்குவினாரிடம் கிடைத்தது. மூளையின் இயக்கத்தையும் அக்குவினாரின் நோக்குடைமைக் கருத்தையும் இணைத்து 2008-இல் ஒரு கட்டுரையே வெளியிட்டார். இது மரபுக்குச் செலுத்திய மரியாதை மட்டும் அன்று. ஒரு கருத்து இன்றும் வேலை செய்கிறது என்பதற்குச் சான்று.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இறையியலும் இவ்வாய்வும் பிரியும் இடமும் உண்டு. அறிவின் மிக உயர்ந்த செயல் எந்த உடலுறுப்பின் செயலும் அன்று. ஆகவே ஆன்மா சாவைக் கடந்தும் நிலைக்கும் என்று அக்குவினார் கற்பித்தார். உடல்வழி அறிதலை ஆய்பவருள் பலர் இதனை ஏற்கமாட்டார். ஆனால் இங்கும் அவர் படகோட்டி உவமைக்குத் திரும்பவில்லை என்பதைக் கவனியுங்கள். உடலைப் பிரிந்த ஆன்மா முழு மனிதன் அன்று என்றார். அதனாலேயே நம் விசுவாச அறிக்கை உடலின் உயிர்ப்பில் முடிவுக்கு வருகிறது. உடல் வேண்டாத ஊர்தி என்றால், அதற்கு உயிர்ப்பு எதற்கு?

எவர் அறிகிறார்?

இறையியல் மெய்யியல் இவ்வாய்வுக்குத் தரக்கூடியது ஒரு கேள்வி: அறிவது எது என்பதோடு நிற்காமல், அறிவது எவர் என்று கேட்பது. கை அறிகிறது, மூளை அறிகிறது என்று வசதிக்காகச் சொல்கிறோம். உண்மையில் அறிபவர் மனிதர். தம் கையாலும் மூளையாலும் அறிகிறார். சிறிய திருத்தமாகத் தோன்றும் இதன் விளைவு பெரிது.

முதுமையில் நினைவிழந்தவர்களைப் பங்குகளில் பார்க்கிறோம். பெற்ற பிள்ளையின் பெயர் அவர்களுக்குத் தெரிவதில்லை. ஆனால் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரைச் சொல்லித் தொடங்கினால் கை தானே நெற்றிக்குச் செல்கிறது. செபமாலையைக் கொடுத்தால் விரல்கள் மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளுகின்றன. "அவருக்கு ஒன்றும் தெரியாது, சாமி, வீணாக எதற்கு நற்கருணை?" என்று வீட்டார் கேட்பதுண்டு. அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர், களைத்துப்போனவர்கள்.

மொலைசனின் கையைப் போல, இதுவும் ஊறிப்போன பழக்கமே என்பார் அறிவியலார். உண்மைதான்; இறையியல் அதனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அப்பழக்கம் யாருடையது? அறுபது, எழுபது ஆண்டுகள் நாள்தோறும் செபித்து அவர் தம் எலும்பிலும் தசையிலும் எழுதிவைத்தது அது. நினைவு போனால் ஆளும் போய்விட்டார் என்பது, மனிதன் வெறும் மனம் என்று கருதுவோரின் முடிவு. உடலும் மனிதனே என்று ஏற்போருக்கு, அந்தக் கை நெற்றியைத் தொடும்போது தொடுவது அவரே. முன்பு பக்தி காட்டி, பின்னர் அறிவின் பயன்பாட்டை இழந்தவருக்கு, பாதுகாப்பாகத் தர இயலுமானால், சாவு வேளையில் நற்கருணையை மறுக்கக்கூடாது என்றும், அறிவு மங்கலாக உள்ளவருக்கு இவ்வருளடையாளத்தை மறுத்தல் ஆகாது என்றும் அக்குவினார் எழுதிவைத்தார். ஆன்மாவும் உடலும் ஒன்று என்ற அவரது மெய்யியலும் இந்த மேய்ப்புப்பணி அறிவுரையும் ஒரே உள்ளத்திலிருந்து பிறந்தவை.

மனிதரை உடலும் ஆன்மாவும் ஒன்றான முழுமையாகக் கண்ட இரண்டாம் வத்திக்கான் சங்கம், உடல்வாழ்வை இழிவாகக் கருதக்கூடாது என்று 1965-இல் கற்பித்தது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1979 முதல் 1984 வரை தம் புதன்கிழமை உரைகளில் உடலின் இறையியலை விரித்துரைத்தார். ஆயினும் நம் மறையுரைகளிலும் இரங்கற் செய்திகளிலும் பழைய படகோட்டி இன்றும் துடுப்பு வலிக்கிறார்.

எனவே, இறையியல் மெய்யியல் இவ்வாய்வுக்குப் பொருத்தமானதா என்ற கேள்விக்கு விடை இருபுறமும் செல்கிறது. ஆய்வாளர்கள் தாம் பயன்படுத்தும் சொற்களின் பிறப்பிடத்தை அறிவது நலம். மனிதர் முழுமையாக அறிகிறார் என்னும் கருத்தை அங்கே ஏழு நூற்றாண்டுகளாகச் சோதித்திருக்கிறார்கள். நாமோ இவ்வாய்வைக் கற்று, நாம் அறிக்கையிடும் போதனையை மெய்யாகவே நம்புகிறோமா என்று கேட்டுக்கொள்வது நலம். வார்த்தை மனுவுருவானார் என்று முழங்காலிடும் திருச்சபைக்கு, முழங்காலும் ஓர் அறிவு என்பது அயலான செய்தியாக இருக்கக்கூடாது. சிறுவருக்குச் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுக்கும்போது அவசரப்படாமல், கையைப் பிடித்து, நிறுத்தி நிதானமாகக் கற்றுக்கொடுங்கள். மற்ற எல்லாம் மறந்துபோகும் ஒருநாளில் அவர்கள் கையில் எஞ்சியிருக்கப்போவது அதுவாக இருக்கலாம்.